பொட்டு வைக்காத ஒன்பது ஜாயின்ட்டுகள்

1. தையல் கூடத்தின் கடைசி வரிசைக்குக் காற்று வரவில்லை என்று தொழிற்சாலையிலிருந்து புகார் வந்தது.
2. கடைசி நான்கு காற்றுவாய்களிலும் டிஷ்யூ பேப்பரைப் பிடித்துப் பார்த்ததில் பேப்பர் அசையவில்லை.
3. ஃபால்ஸ் சீலிங் பிரிக்கப்பட்டது.
4. மொத்தம் முப்பத்திரண்டு ஜாயின்ட்டுகளில், இருபத்து நான்கு முதல் முப்பத்திரண்டு வரையான ஒன்பதின் மேல் பக்கத்தில் சீலன்ட் பூசப்படவில்லை என்று தெரிந்தது.
5. பூசியவர் முடித்த ஜாயின்ட்டுகளில் வைக்கும் அடையாளப் பொட்டு இந்த ஒன்பதிலும் இல்லை.
6. பூசியவர் வேலையிலிருந்து நிறுத்தப்பட்டார்.
7. ஒன்பது ஜாயின்ட்டுகளும் சரிசெய்யப்பட்டன. மறு சோதனையில் கசிவு இல்லை.

இது நான் எழுதிக் கொடுத்த அறிக்கை. ஏழு வரிகளிலும் ஒரு பொய் கிடையாது. மேல் பக்கம் பூசாமலே டக்ட்டை மேலே ஏற்றச் சொன்னது நான். செக்லிஸ்ட்டில் அந்த ஒன்பதுக்கும் நான்கு பக்கமும் பூசியாயிற்று என்று டிக் போட்டதும் நான். அந்த இரண்டையும் எழுதவில்லை. என் கையெழுத்து அழகாக இருக்கும். அந்த அறிக்கையிலும் அழகாகத்தான் இருந்தது.

நான் இன்ஜினியரிங் முடித்து, ஏசி டக்ட் வேலை எடுத்துச் செய்யும் ஒரு சிறிய கம்பெனியில் சேர்ந்து இரண்டாவது வருடம் அது. வீடு விழுப்புரத்தில். திண்டிவனத்துக்கு வெளியே, பெண்களுக்கான துணி தைக்கும் புதிய தொழிற்சாலை ஒன்றில் வேலை நடந்துகொண்டிருந்தது. காலை ரயிலில் போய் மாலை ரயிலில் திரும்புவேன். என் வேலை தரம் பார்ப்பது. கையில் ஒரு ஃபைல், ஒரு பேனா, ஒரு கட்டு ஊதுபத்தி.

ஊதுபத்தி எதற்கென்று ரயிலில் பக்கத்தில் உட்காருகிறவர்கள் கேட்பார்கள். குளிர்ந்த காற்று இயந்திரத்திலிருந்து கூடத்தின் மறுகோடி வரை போக வேண்டும். அதற்குத் தகரத்தில் நீளப் பெட்டிகள் செய்து, ஒன்றோடு ஒன்று சேர்த்துக் கூரைக்கடியில் தொங்கவிடுவார்கள். அதுதான் டக்ட். ஒவ்வொரு ஜாயின்ட்டிலும் ரப்பர் பட்டை வைத்து போல்ட் முடுக்கினாலும், மூலைகளில் ஊசி நுழைகிற அளவுக்கு இடுக்கு இருக்கும். அங்கே இட்லி மாவைவிடக் கெட்டியான, சாம்பல் நிறப் பசை ஒன்றைப் பூச வேண்டும். அதுதான் சீலன்ட். பூசுவதற்கு முன் தகரத்திலிருக்கிற எண்ணெயைத் துணியால் துடைக்க வேண்டும். பூசியபின் ஒரு நாள் காயவிட வேண்டும். பிறகு காற்றை ஓடவிட்டு ஜாயின்ட்டைச் சுற்றி ஊதுபத்தியைக் கொண்டுபோனால், கசிவிருக்கும் இடத்தில் புகை விலகி ஓடும். கசிவை விட்டுவிட்டால் இயந்திரம் ஓடும், கரன்ட் ஓடும், காற்று மட்டும் சீலிங்குக்கு மேலேயே தங்கிவிடும். கடைசியில் உட்கார்ந்திருப்பவருக்கு ஒன்றும் வந்து சேராது.

எங்களுக்குப் பூசியது ஓர் அக்கா. ஒலக்கூருக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமம். நாற்பது வயதைத் தாண்டியவர். அந்தக் கட்டடத்துக்கே செங்கல் சுமக்க வந்தவர். எங்கள் கம்பெனி சென்னையிலிருந்து அழைத்து வந்த பூசுகிற ஆள் இரண்டாம் நாளே சொல்லாமல் கிளம்பிவிட்டார். பிரஷ் சும்மா கிடந்தது. அக்கா எடுத்து ஒரு ஜாயின்ட்டைப் பூசிக் காட்டினார். மறுநாள் அது காய்ந்ததும் காற்றை ஓடவிட்டு ஊதுபத்தியைக் காட்டினேன். புகை நேராக எழுந்தது.

"எங்கக்கா கத்துக்கினீங்க?" என்று கேட்டேன்.

"இது இன்னா மேடம் பெரிய வித்த? வூடு மொழுவுறதுதான. நடுவுல எவ வேணும்னாலும் மொழுவுவா. மூலையில வுடாம மொழுவணும், அவ்ளோதான்."

ஒவ்வொரு ஜாயின்ட்டையும் முடித்ததும், ஈரமாக இருக்கும்போதே மோதிர விரலால் கீழ்ப் பக்கத்தில் ஒரு பொட்டு வைப்பார். அது காய்ந்ததும் சின்னக் குழியாக நிற்கும். முதலில் அதை விளையாட்டு என்று நினைத்தேன்.

"எங்கூர்ல மல்லாட்ட மூட்ட எண்ணுறப்போ, எண்ணி முடிச்ச மூட்டைக்கு சுண்ணாம்புல ஒரு பொட்டு வப்போம் மேடம். பொட்டு இருந்தா அது சரி. இல்லனா அத்த இன்னொருக்கா பாக்கணும். இங்கயும் அப்டித்தான். நாலு பக்கமும் நான் பாத்தாத்தான் வப்பேன்."

மல்லாட்டை என்றால் எங்கள் பக்கத்தில் நிலக்கடலை. என் செக்லிஸ்ட்டைவிட அந்தப் பொட்டு வேகமாக இருந்தது. ஏணியில் ஏறாமலே, அண்ணாந்து பார்த்து எது முடிந்தது என்று சொல்லிவிடலாம். எங்கள் மேனேஜருக்கும் காட்டினேன். "பரவால்லியே" என்றார். பிற்பாடு அவர் அந்தப் பொட்டைப் படித்த விதத்துக்கு நானே பாடம் சொல்லிக் கொடுத்தவள் என்பதால் இதைச் சொல்கிறேன்.

தொழிற்சாலையின் பராமரிப்புப் பொறுப்பாளர் அக்காவின் வேலையைப் பார்த்துவிட்டு, கோடை முடிந்ததும் தங்களிடமே வரச் சொன்னார். ஏசி ஃபில்டர் கழுவுவது, காற்றுவாய்களைத் துடைப்பது, கசிவு பார்ப்பது. நிரந்தர வேலை. ஒலக்கூர் வரை வேன் வரும். அறுவடையிருந்தால் வேலை, இல்லாவிட்டால் வீடு என்று இருந்தவருக்கு, வருடம் முழுவதும் வேலை. அக்கா திண்டிவனத்தில் போட்டோ எடுத்துக்கொண்டு வந்து என்னிடம் நீட்டினார்.

"நல்லாப் பாத்து சொல்லுங்க மேடம். மூஞ்சி திருடி மாரி கீதா?"

"இல்லக்கா, நல்லா இருக்கு."

"ஸ்டுடியோக்காரன் சிரிக்காத சிரிக்காதன்றான். வேலைக்குப் போறவ சிரிக்கக்கூடாதாம்."

அந்த வேலை அவருக்குக் கிடைப்பதா இல்லையா என்பதுதான் இங்கே விஷயம். அது என் பேனாவில் இருந்தது என்று அன்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் வேறு மாதிரி நடந்திருப்பேனா என்பதை உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

இருபத்து மூன்று ஜாயின்ட்டுகள் முடிந்திருந்தன. மீதி ஒன்பது, கூடத்தின் கடைசியில், ஒரு கான்கிரீட் பீமுக்கு ஒட்டினாற்போல் வர வேண்டியவை. மேலே ஏற்றிவிட்டால் பீமுக்கும் டக்ட்டுக்கும் நடுவே நான்கு விரல் இடம்தான் இருக்கும். அதனால் தரையிலேயே பெட்டிகளைச் சேர்த்து, நான்கு பக்கமும் பூசி, ஒரு நாள் காயவிட்டு, மொத்தமாக ஏற்ற வேண்டும். வரைபடத்தில் நானே அப்படித்தான் குறித்திருந்தேன்.

அன்று காலையே சீலிங் போடுகிற ஆட்கள் வந்துவிட்டார்கள். மேனேஜர் போனில் பிடித்தார்.

"என்னம்மா, கோலம் போடுற மாதிரி பொறுமையா போட்டுக்கினு இருக்கியா? நீ முடிக்கிறதுக்குள்ள உனக்கே கல்யாணம் ஆயிடும் போல. இன்னிக்கி சாயந்திரம் சீலிங் மூடணும். ஜல்தி."

சீலிங் மேஸ்திரி ஏணியில் உட்கார்ந்துகொண்டு எங்களை வேடிக்கை பார்த்தார். "எக்கா, நீ பொட்டு வச்சி பூ வச்சி வளையல் போட்டு முடிக்கிறதுக்குள்ள நான் ஊருக்கே போய்ட்டு வந்துடுவேன்!"

"போய்ட்டு வாடா. வர்றப்போ கொஞ்சம் மூள வாங்கினு வா, உனக்கும் உங்க முதலாளிக்கும்!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு மணி பார்த்தேன். போன மாதம் வேறொரு சைட்டை நான் இரண்டு நாள் தாமதமாக ஒப்படைத்ததை மேனேஜர் ஆபீசில் எல்லோர் முன்னாலும் சொல்லிக் காட்டியிருந்தார். "பொம்பளப் பிள்ளைங்க கணக்கா பாப்பாங்க, ஆனா வேலைய முடிக்க மாட்டாங்க." அந்த வாக்கியம் மனதில் கிடந்தது. "பேஜாரு வேணாம். இப்போ ஏத்திடலாம். மேல் பக்கம் அப்புறம் பாத்துக்கலாம்" என்றேன்.

அக்கா பிரஷ்ஷைக் கீழே வைத்தார். "மேல போயிட்டா அங்க கை போவாது மேடம்."

"பாத்துக்கலாம்க்கா. ஏதாவது பண்ணலாம்."

ஏற்றினார்கள். அக்கா ஏணியில் ஏறி, கைக்கு எட்டிய மூன்று பக்கங்களையும் பூசினார். நான்காவது பக்கத்துக்கு பிரஷ்ஷைக் குச்சியில் கட்டி முயன்றார். பசை அவர் தலையில் ஒழுகியதுதான் மிச்சம். இறங்கி வந்து, முந்தானையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"இந்த ஒம்போதுக்கும் நான் பொட்டு வைக்கல மேடம். ஞாபகம் வச்சிக்கோங்க."

"சரிக்கா" என்றேன்.

சாயந்திரத்துக்குள் சீலிங்கை மூடிவிட்டார்கள். மறுநாள் காலையில் வாட்ச்மேன் நாற்காலியில் உட்கார்ந்து செக்லிஸ்ட்டை முடித்தேன். 'நான்கு பக்கமும் சீலன்ட்', 'புகைச் சோதனை' என்று இரண்டு கட்டங்கள். இருபத்து மூன்று வரை உண்மையான டிக்குகள். இருபத்து நான்கில் பேனா கொஞ்சம் நின்றது. வரிசையாக டிக் போட்டு வருகிறபோது கடைசியில் ஒன்பது வரி காலியாக இருந்தால் பார்க்க அசிங்கமாக இருக்கும் என்று நினைத்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பதினெட்டு டிக்குகள் போட்டேன். அரை நிமிடம் ஆகியிருக்காது.

ஒப்படைக்கும் நாளில் மேனேஜர் என்னைத் தொழிற்சாலைக்காரர்களிடம் காட்டி, "எங்க பொண்ணு. லிஸ்ட் போட்டா ஒண்ணு விட்டுப்போவாது" என்றார். ஒரு ஸ்வீட் பாக்ஸ் கொடுத்தார்கள். விழுப்புரம் வந்து அம்மாவிடம் கொடுத்தேன். பக்கத்து வீட்டுக்கும் போயிற்று.

கத்திரி வெயில் தொடங்கியபோது புகார் வந்தது. கடைசி வரிசையில் தைக்கிற ஒரு பெண் மயக்கமாக வருகிறது என்று துணிக் கட்டுகளின் மேல் படுத்துவிட்டாள். சின்னப் பெண். நாங்கள் போனபோது எழுந்து உட்கார்ந்து மோர் குடித்துக்கொண்டிருந்தாள். முன் வரிசையில் ஒரு பெண் குளிருக்குத் துப்பட்டாவைப் போர்த்தியிருந்தாள். ஒரே கூடம்.

சீலிங்கைப் பிரித்ததும் மேலேயிருந்து குளிர்ந்த காற்று தூசியோடு எங்கள் முகத்தில் இறங்கியது. இத்தனை நாளும் அந்தக் காற்று அங்கேதான் சுற்றிக்கொண்டிருந்திருக்கிறது. மேனேஜர் ஏணியில் ஏறி டார்ச் அடித்துக்கொண்டே ஒவ்வொரு ஜாயின்ட்டாகப் பார்த்தார். நான் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அக்குளில் ஃபைல்.

"இங்க வந்து பாருங்க சார்" என்று பராமரிப்புப் பொறுப்பாளரைக் கூப்பிட்டார். "அங்க வரைக்கும் பொட்டு இருக்கு. இந்த ஒம்போதுக்கு இல்ல. முடிச்சா வைப்பா, முடிக்கலன்னா வைக்கமாட்டா. அப்போ முடிக்கலன்னு அவளுக்கே தெரியும். தெரிஞ்சிக்கினே மூட வுட்டுட்டு கமுக்கமா போயிருக்கா. இன்னா திமிரு பாருங்க!"

பிறகு குனிந்து என்னைப் பார்த்தார். "உன்கிட்டயும் பூசிட்டேன்னு சொல்லியிருப்பா, இல்ல?"

ஒரு வார்த்தை போதும். இல்லை என்று. அந்த நேரத்தில்கூட எனக்குள் ஒரு பட்டியல் ஓடியது: வேலை போகும், வீட்டுக் கடன் தவணை என் சம்பளத்தில் ஓடுகிறது, அடுத்த இடத்தில் ஏன் விட்டாய் என்று கேட்பார்கள், எதுவானாலும் இவ்வளவு பேர் முன்னால் வேண்டாம். நான்கு காரணங்கள். நான்காவதுதான் முதல் காரணம் என்று இப்போது தெரிகிறது. கடைசி வரிசைப் பெண்கள் தையலை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் தலையை அசைத்தேன். ஆமாம் என்றோ இல்லை என்றோ யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும்படி ஓர் அசைவு. அவர் ஆமாம் என்று எடுத்துக்கொண்டார்.

செய்யாததைச் செய்ததாகக் காட்டக்கூடாது என்றுதான் அக்கா பொட்டு வைக்காமல் விட்டார். அந்த நேர்மையே அவருக்கு எதிரான சாட்சியாயிற்று. செய்யாததற்கு அடையாளம் போட்டவள் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அன்று மாலையே அக்காவுக்குப் போன் போயிற்று, இனி எங்கள் சைட்டுக்கும் வர வேண்டாம், தொழிற்சாலைக்கும் வர வேண்டாம் என்று. ரயிலில் இருக்கும்போது அக்கா என்னை இரண்டு முறை அழைத்தார். எடுக்கவில்லை. மூன்றாவது முறை எடுத்தேன்.

"மேடம், இன்னாமோ சொல்றாங்களே. நான் உங்ககிட்ட சொன்னேன்ல? ஒம்போதுக்கும் வைக்கலன்னு?"

"சைட்ல இருக்கேன்க்கா. அப்புறம் பேசுறேன்."

அந்த நேரம் பார்த்து ரயில் ஹாரன் அடித்தது. அவருக்கும் கேட்டிருக்கும். அவர் போனை வைத்துவிட்டார்.

ஜாயின்ட்டுகளைச் சரிசெய்ய நானே ஏறினேன். டக்ட்டின் அடிப்பக்கத்தில் கை நுழையும் அளவு ஓட்டைகள் வெட்டி, உள்ளே கையை விட்டு, மேல் மூலைகளை உள்பக்கமிருந்து பூசினோம். கண்ணுக்குத் தெரியாது, விரலால் தடவித்தான் பூச வேண்டும். தகர ஓரம் முழங்கையைக் கீறியது. ஓட்டைகளுக்கு மூடி போட்டு, அதன் ஓரங்களையும் பூசி, காயவிட்டுச் சோதித்தபோது இரண்டு நாள் ஆகியிருந்தது. தரையில் வைத்துச் செய்திருந்தால் ஒரு நாள். பொட்டு வைக்க விரல் போனது. வைக்கவில்லை.

பிறகு அந்த ஏழு வரி அறிக்கையை எழுதினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒலக்கூர் பஸ்ஸில் ஏறினேன். அக்காவின் வீட்டில் கேட்டபோது, கொல்லையில் மல்லாட்டை ஆய்ந்துகொண்டிருப்பதாகச் சொன்னார்கள். வேப்ப மர நிழலில் ஏழெட்டுப் பெண்கள் செடிகளைக் குவித்து வைத்துக் காய்களைப் பறித்துக்கொண்டிருந்தார்கள். ஓரத்தில் மூன்று மூட்டைகள். இரண்டில் சுண்ணாம்புப் பொட்டு இருந்தது.

அக்கா என்னைப் பார்த்ததும் நிமிரவில்லை. "வாங்க மேடம். டிக் போட வந்தீங்களா?"

பக்கத்திலிருந்த பெண் கேட்டாள், "யாருக்கா இது?"

"அதான்டி, ரயில்ல இருந்துக்கினே சைட்ல கீறேன்னு சொல்லும்னு சொன்னேனே, அந்த மேடம்."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு உட்காருவதா நிற்பதா என்று தெரியவில்லை. நின்றுகொண்டே, வழியெல்லாம் மனதில் வரிசைப்படுத்தி வைத்திருந்ததைச் சொன்னேன். ஏற்றச் சொன்னது நான். டிக் போட்டது நான். கேட்டபோது வாயைத் திறக்கவில்லை. என்னை மன்னித்துக்கொள்ளுங்கள்.

அக்காவின் விரல்கள் நிற்கவில்லை. காய்கள் கூடையில் விழுந்துகொண்டே இருந்தன.

"முடிச்சிட்டியா?" என்றார். அதுவரை 'நீங்க' என்று பேசியவர்.

"முடிச்சிட்டேன்க்கா."

"இத்தச் சொல்லத்தான் பஸ்ஸு ஏறி வந்தியா? இதெல்லாம்தான் எனக்குத் தெரியுமே. நான்தான அங்க இருந்தேன். தெரிஞ்சவகிட்ட வந்து சொல்லிக்கினு இருக்க. தெரியாதவங்க அங்க கீறாங்க பாரு, அவங்ககிட்டப் போய் சொல்லு. நம்ம தெருவுல ஏசி கம்பெனில திருடுனியாமேன்னு கேக்குறாங்க. நான் எதத் திருடுனேன், காத்தையா?"

பக்கத்திலிருந்த அந்தப் பெண் களுக்கென்று சிரித்தாள். அக்காவும் ஒரு கணம் சிரித்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

"வெயில்ல நிக்காத. தண்ணி குடிச்சிட்டுப் போ."

சொம்பிலிருந்த தண்ணீரைக் குடித்தேன். இன்று வரை அந்தத் தண்ணீர்தான் அதிகமாக உறுத்துகிறது.

மறுநாள் அறிக்கையைத் திருத்தி எழுதினேன். ஏழு வரிகளுக்குக் கீழே மூன்று வரிகள்.

8. ஒன்பது ஜாயின்ட்டுகளின் மேல் பக்கத்தைப் பூசாமலே டக்ட்டை ஏற்றும்படி நான் உத்தரவிட்டேன். கை எட்டாது என்று பூசியவர் அப்போதே சொன்னார்.
9. அந்த ஒன்பதுக்கும் பொட்டு வைக்கவில்லை என்று அவர் என்னிடம் நேரில் தெரிவித்தார்.
10. பூசாதது தெரிந்தும், சோதிக்காமலும், செக்லிஸ்ட்டில் டிக் போட்டேன்.

மேனேஜர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "இத்த இப்போ யாரு கேட்டா? அது முடிஞ்சிபோன மேட்டர்."

"அவங்களுக்கு முடியல சார்."

"கிழிச்சிப் போடு. நானும் பாக்கல."

நான் ஏற்கெனவே ஒரு பிரதியைத் தொழிற்சாலைக்கு அனுப்பியிருந்தேன். சொன்னேன். அவர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு, "ஸ்டோருக்குப் போ. இனிமே லிஸ்ட்ல கை வைக்காத" என்றார். அது நியாயம் என்றுதான் பட்டது.

பராமரிப்புப் பொறுப்பாளரை நேரிலும் போய்ப் பார்த்தேன். கடைசி வரிசைக்கு அருகில் நின்றுதான் பேசினோம். மூன்று வரிகளையும் சத்தமாகப் படித்தார். தைத்துக்கொண்டிருந்த பெண்களுக்கும் கேட்டது. அன்று மயக்கம் வந்த பெண் என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி துணியைத் தள்ளினாள். "அடப்பாவமே" என்றார் அவர். அது யாருக்கென்று நான் கேட்கவில்லை. அந்த வேலைக்கு வேறு ஆளை எடுத்துவிட்டதாகவும், அடுத்து இடம் வந்தால் சொல்வதாகவும், அக்காவுக்கு அவரே போன் செய்து தவறு அவருடையதல்ல என்று சொல்லிவிடுவதாகவும் சொன்னார். என் முன்னாலேயே போன் செய்தார். மறுமுனையில் அக்கா என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. இரண்டு நிமிடத்துக்கும் குறைவாகத்தான் பேசினார்கள்.

இப்போதைய நிலவரம் இது. கடைசி வரிசையின் நான்கு காற்றுவாய்களிலும் பேப்பர் ஆடுகிறது. நான் விழுப்புரத்தில் ஸ்டோரில் போல்ட்டும் ரப்பர் பட்டையும் எண்ணிக் கொடுக்கிறேன். தொழிற்சாலையில் அந்த வேலைக்கு இன்னும் இடம் காலியாகவில்லை. அக்காவை யாரும் கூப்பிடவில்லை. மல்லாட்டை ஆய்வது முடிந்துவிட்டது. அவர் இப்போது வீட்டில்தான் இருக்கிறார். என் போனை எடுப்பதில்லை.